புகையும் பிசினும்: வீட்டிலேயே வண்ணம் அரைத்த காலத்தின் வரலாறு

ஆயக்குடியில் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இரண்டு பழைய கிதாபுகள் இருந்தன. ஒன்று கையால் எழுதப்பட்டது. மற்றொன்று கல்லச்சில் பதிக்கப்பட்டது. இரண்டும் அரபு எழுத்துகளால் தமிழை எழுதும் அரபுத்தமிழில் அமைந்தவை. அவற்றைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்தவர்களில் எங்கள் குடும்பத்தின் கடைசி ஆள் நன்னிமாதான். அவர்கள் மறைந்த பிறகு பெட்டியைத் திறப்பவர் எவருமில்லை.

ஓர் ஐப்பசி மழையில் ஓடு ஒழுகிப் பெட்டிக்குள் நீர் இறங்கியது. கல்லச்சுக் கிதாபின் தாள் ஊறிச் சுருங்கியிருந்தது. ஆனால் அதன் எழுத்துகளில் ஒன்றும் அசையவில்லை. கையெழுத்துக் கிதாபு ஓரத்தில் மட்டுமே நனைந்திருந்தது. அதில் படிந்திருந்த மண் கறையை ஈரப் பஞ்சினால் மெதுவாக ஒற்றி எடுத்தோம். கறையோடு இரண்டு வரிகளும் பஞ்சுக்கு வந்துவிட்டன.

நூற்றாண்டைக் கடந்து நின்ற எழுத்து ஒரு துளி நீருக்கு ஏன் கரைந்தது? அருகிலிருந்த அச்செழுத்து ஏன் கரையவில்லை? பிள்ளைகள் கேட்ட இக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. அதைத் தேடப் புகுந்தபோதுதான் ஒரு பெரிய வரலாறு எங்கள் கைக்கு எட்டியது. மையும் வண்ணமும் கடையில் வாங்கும் சரக்காக மாறுவதற்கு முன், அவை வீட்டிலும் மத்ரஸாவிலும் அரைத்துச் செய்யப்பட்டன. அந்த வரலாற்றையும், விடுமுறையில் எங்கள் முற்றத்தில் பிள்ளைகளோடு வண்ணம் அரைத்துப் பார்த்து நாங்கள் கற்றதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

மூன்று பொருள்கள்

நீர்வண்ணம் என்பது மூன்று பொருள்களின் சேர்க்கை. நிறம் தரும் தூள், அதைத் தாளோடு ஒட்டவைக்கும் பிசின், இரண்டையும் இளக்கும் நீர். நீர் உலர்ந்ததும் தூளைப் பிசின் பிடித்துக்கொள்கிறது. மறுபடியும் நீர் பட்டால் பிசின் இளகுகிறது. தூளும் அதனோடு நகர்கிறது. குவாஷ் எனப்படும் கெட்டி வண்ணமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அதில் நிறத்தூள் மிகுதியாக இருக்கும். வெள்ளைத் தூளும் சேர்வதுண்டு. ஆகவே நீர்வண்ணத்தின் வழியே தாளின் வெண்மை தெரியும். குவாஷ் தாளை முழுமையாக மூடிவிடும்.

நிறத்தூளுக்குப் பதிலாக விளக்குப் புகையின் கரியை வைத்துக்கொண்டால் அதுவே எழுதும் மை. எகிப்தியரும் சீனரும் இஸ்லாத்துக்கு நெடுங்காலம் முன்பே கரிமையை அறிந்திருந்தனர். எகிப்தில் கரியைப் பிணைத்தது வேல இன மரங்களின் பிசின். சூடானிலும் அதைச் சூழ்ந்த வறண்ட நிலங்களிலும் கிடைத்த அப்பிசின் அரபு வணிகர்களின் கை வழியே உலகெங்கும் சென்றதால் அரபுப் பிசின் என்றே பெயர் பெற்றது. நம் கண்மாய்க் கரைகளில் முள்ளோடு நிற்கும் கருவேல மரம் அதே இனத்தைச் சேர்ந்தது. அதன் பட்டையில் தங்க நிறத்தில் கட்டியாய் வடியும் பிசினும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். வண்ணம் குழைப்பதற்குப் பெயர் பெற்ற மற்றொன்று விளாம் பிசின். இவை இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன.

மிதாதும் ஹிப்ரும்

வஹீ இறங்கிய காலத்தில் இறைவசனங்கள் பேரீச்ச மட்டைகளிலும் தட்டையான கற்களிலும் தோலிலும் எழுதப்பட்டன என்பதை நாம் அறிவோம். எழுதுகோலின் பெயரால் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் இருக்கிறது. எழுத்துக்கு இத்தகைய மதிப்பளித்த சமுதாயத்தில் மை செய்வதும் மதிப்புக்குரிய கலையாக வளர்ந்ததில் வியப்பில்லை.

அரபு மொழியில் மைக்கு இரண்டு பெயர்கள் வழங்கின. கரியும் பிசினும் சேர்ந்தது மிதாத். மாசிக்காய்ச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து செய்வது ஹிப்ர். பிற்காலத்தில் இரு சொற்களும் கலந்து வழங்கினாலும், தொடக்கத்தில் அவை இருவேறு பொருள்களையே குறித்தன.

குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றாக நம் தாய்மார் மாசிக்காயை அறிவார்கள். மேற்காசியாவின் ஒருவகைக் கருவாலி மரத்தில் பூச்சி துளைத்த இடத்தில் உருண்டையாகத் திரளும் புடைப்பு அது. அதன் துவர்ப்புச் சாற்றோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்தால் நீர் கறுத்துவிடும். நம் நாட்டில் மாசிக்காய்க்குப் பதிலாகக் கடுக்காயும் பயன்பட்டது. இந்த மை தாளின் நாருக்குள் இறங்கிப் பற்றிக்கொள்வதால் எளிதில் கழுவப்படாது. ஆனால் இதில் புளிப்புத் தன்மை உண்டு. அளவு தவறிச் செய்யப்பட்ட மை காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். பழைய ஏடுகளில் எழுத்து இருந்த இடம் மட்டும் உதிர்ந்து சல்லடைபோல் தெரிவதற்குக் காரணம் இதுவே.

கரிமை தாளை அரிப்பதில்லை. கரி வெயிலில் மங்குவதும் இல்லை. அதன் ஒரே பலவீனம் நீர். எங்கள் கிதாபு மிதாதினால் எழுதப்பட்டது என்பது இவ்வாறுதான் விளங்கியது. அருகிலிருந்த கல்லச்சுக் கிதாபின் மையோ எண்ணெய்ப் பசையில் குழைத்தது. அது நீருக்கு அஞ்சாது.

11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட ஸிரீத் அரசர் முஇஸ்ஸு இப்னு பாதீஸின் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் ‘உம்தத்துல் குத்தாப்’ என்ற நூல், எழுத்தர்களின் கைத்தொழிலை விரிவாகப் பேசுகிறது. எழுதுகோல் சீவுதல், கறுப்பு மையும் வண்ண மைகளும் காய்ச்சுதல், நூல் கட்டுதல் ஆகியவை அதில் அடங்கும். ஓர் அரசரின் பெயரால் மை காய்ச்சும் முறைகள் தொகுக்கப்பட்டன என்பதே அக்காலத்தின் மதிப்பீட்டைக் காட்டும். வட ஆப்பிரிக்காவோடு பலரும் தொடர்புபடுத்தும் ‘நீலக் குர்ஆன்’ இதற்கு மற்றொரு சான்று. அவுரி நீலம் ஏற்றிய தோல் ஏடுகளில் பொன்னெழுத்தால் எழுதப்பட்ட அந்தப் பிரதியின் ஏடுகள் இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன.

இஸ்தான்புல்லில் கட்டடக் கலைஞர் ஸினான் 1550 முதல் 1557 வரை எழுப்பிய ஸுலைமானிய்யா பள்ளிவாசலுக்கும் மையோடு உறவுண்டு. அங்கே எரிந்த எண்ணெய் விளக்குகளின் புகை, காற்றோட்டத்தால் வாயிலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுக்கப்பட்டது. அங்கே படிந்த கரி மை செய்யப் பயன்பட்டது. தொழுகைக்கு ஒளி தந்த விளக்கு, எழுதுவதற்குக் கரியும் தந்தது.

மை நக்கியவர்கள்

கரிமை கரையும் என்பதைப் பழைய ஆசிரியர்கள் குறையாகக் கருதவில்லை; அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். துருக்கியிலும் ஈரானிலும் தாளின் மேல் மாவுக் கஞ்சியோ முட்டை வெண்கருவோ பூசி, உலர்ந்ததும் பளபளப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். அத்தகைய தாளில் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். பிழை நேர்ந்தால் ஈர விரலால் துடைத்துவிடலாம். மாணவர்கள் நாவினாலும் துடைத்திருக்கிறார்கள். துருக்கி மொழியில் கற்றவரை ‘மை நக்கியவர்’ என்று சொல்லும் வழக்கு இன்றும் உண்டு.

சூடான், மவுரித்தானியா, நைஜீரியா ஆகிய நாடுகளில் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் மரப்பலகையில் கரிமையால் பாடத்தை எழுதுகிறார்கள். மனனமானதும் பலகையைக் கழுவி அடுத்த பாடத்தை எழுதுகிறார்கள். எழுத்து நெஞ்சில் இறங்கிய பிறகே பலகையிலிருந்து நீங்குகிறது. நமக்கு அருகில் மலபாரின் ஓத்துப்பள்ளிகளிலும் மரப்பலகையில் களிமண் பூசி எழுதிப் பயிலும் வழக்கம் இருந்தது. கரையும் மையே இத்தகைய கல்விக்கு ஏற்றது.

தமிழ் மண்ணுக்கும் கரி புதிதன்று. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை இலைச் சாற்றில் குழைத்து ஓலையின் மேல் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கரி தங்கி எழுத்து தெரியும். இதை மையாடுதல் என்றார்கள். காகிதத்துக்கு மாறிய பிறகும் அதே கரி நாணல் எழுதுகோலின் முனைக்கு வந்தது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) போன்ற அறிஞர்களால் செழித்த அரபுத்தமிழ் இலக்கியம், அச்சு பரவும் வரை கையால் படியெடுக்கப்பட்டே ஊர் ஊராகச் சென்றது. அவ்வாறு ஊர் சேர்ந்த ஏடுகளில் ஒன்றுதான் எங்கள் மரப்பெட்டியிலும் இருந்தது.

அரசவையின் வண்ணங்கள்

கறுப்பு எழுத்தரின் நிறம். பிற நிறங்களைக் காண ஓவியரின் பட்டறைக்குச் செல்ல வேண்டும். ஹுமாயூன் பாதுஷா ஈரானிலிருந்து மீர் ஸய்யித் அலீயையும் அப்துஸ் ஸமதையும் அழைத்து வந்தார். அக்பர் காலத்தில் இவ்விருவரின் மேற்பார்வையில் ‘ஹம்ஸாநாமா’ உருவானது. துணியின் மீது ஏறத்தாழ 1,400 ஓவியங்கள். முடிக்க ஏறக்குறைய 15 ஆண்டுகள். ஜஹாங்கீர் காலத்தில் உஸ்தாத் மன்ஸூர் பறவைகளையும் விலங்குகளையும் காஷ்மீரின் மலர்களையும் வரைந்து ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது காலத்தின் அரும்பொருள், என்னும் பட்டம் பெற்றார்.

இவர்கள் கையாண்டது, இன்று குவாஷ் என்று வழங்கும் முறைதான். கல்லையும் மண்ணையும் அரைத்து, அரபுப் பிசினில் குழைத்து, அணில் மயிர்த் தூரிகையால் மெல்லிய அடுக்குகளாகப் பூசினார்கள். பிறகு ஓவியத்தைக் கவிழ்த்து வைத்து, முதுகுப்புறத்தில் அகேட் கல்லால் தேய்த்து வண்ணத்தை இறுகச் செய்தார்கள். ஆழ்ந்த நீலத்துக்கு ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளிலிருந்து வந்த லாஜவர்தக் கல்; பச்சைக்கு மலக்கைட் என்னும் செம்புத் தாதுக் கல்; சிவப்புக்குச் சாதிலிங்கம்; மஞ்சளுக்கு அரிதாரம்; கருநீலத்துக்கு அவுரி. லாஜவர்தக் கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறமே மிஞ்சும். அதிலிருந்து நீலத்தை மட்டும் பிரித்தெடுப்பதற்கு நாள்கணக்கில் உழைப்பு தேவைப்பட்டது.

இந்திய மஞ்சள் என்று ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஒரு நிறத்தின் கதையும் அறியத்தக்கது. பீகாரில் முங்கேர் அருகேயுள்ள மிர்ஸாபூரில், மாவிலை மட்டும் தின்ற பசுக்களின் சிறுநீரைக் காய்ச்சி அது செய்யப்படுவதாக 1883இல் டி.என். முகர்ஜி லண்டனுக்கு எழுதி அனுப்பினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சந்தையிலிருந்து மறைந்தது. ஒரு நிறம் எதிலிருந்து வருகிறது என்று கேட்பது ஏன் அவசியம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெட்டிக்குள் அடங்கிய வண்ணம்

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பல இடங்களில் ஓவியர் தம் வண்ணத்தைத் தாமே அரைத்தார், அல்லது தம் மாணவரைக்கொண்டு அரைக்கச் செய்தார். 1780 அளவில் லண்டனில் வில்லியம் ரீவ்ஸ் என்பவர் நீர்வண்ணத்தைச் சிறு வில்லைகளாக வார்த்து விற்கத் தொடங்கினார். 1781இல் அதற்காக அங்குள்ள கலைச் சங்கம் வெள்ளிப் பரிசளித்துப் பாராட்டியது. வில்லையை ஈரத் தூரிகையால் தொட்டால் போதும்; அம்மி வேண்டியதில்லை. நிலப்படம் வரையும் படை அதிகாரிகளுக்கும் கப்பலில் செல்வோருக்கும் இது பெரும் வசதியாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்களோடு வண்ணப்பெட்டியும் இந்தியாவுக்கு வந்தது.

எங்கள் திண்டுக்கல் சீமையும் அந்நாள்களில் தாளில் ஏறியது. 1755இல் ஹைதர் அலீ பவுஜ்தாராகப் பொறுப்பேற்று வலுப்படுத்திய திண்டுக்கல், 1790இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த சில ஆண்டுகளிலேயே தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792–93இல் தென்னகப் பயணம் மேற்கொண்டு மலைகளையும் கோட்டைகளையும் வரைந்தார்கள். பின்னர் லண்டனில் வெளியிட்ட 144 படங்களில் ஒன்று, திண்டுக்கல் சீமையின் ஆத்தூருக்கு அருகில் கண்ட காட்சி. நாம் தினமும் பேருந்தில் கடக்கும் மலைகள் இரு நூற்றாண்டுகளுக்கு முன் நீர்வண்ணத்துக்குப் பொருளாயின.

1832இல் லண்டனில் வின்சர், நியூட்டன் என்னும் இருவர் வண்ண நிறுவனம் தொடங்கினர். சில ஆண்டுகளில் கிளிசரின் கலந்து, எப்போதும் ஈரப்பதமாக இருக்கும் வண்ணங்களை விற்றனர். 1841இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வண்ணம் இவ்வாறு தொழிற்சாலைக்குச் சென்றதில் நன்மைகள் பல. விலை குறைந்தது, ஏழைப் பிள்ளையின் கைக்கும் வண்ணம் எட்டியது. ஆயினும் சில தலைமுறைகளுக்குள், எது கரையும், எது மங்கும், எது தாளை அரிக்கும் என்னும் அறிவு வீடுகளைவிட்டு நீங்கியது. அந்த அறிவு எங்களிடம் இருந்திருந்தால் அன்று ஈரப் பஞ்சை எடுத்திருக்கமாட்டோம்.

எங்கள் முற்றத்தில்

விடுமுறையில் பிள்ளைகளோடு நாங்கள் செய்து பார்த்த முறை இது.

முதலில் பிசின். கருவேலம் பிசினைப் பொடித்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி இரவு முழுவதும் ஊறவைத்தோம். காலையில் மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். பிசின் நீர் நான்கு பங்குக்கு ஒரு பங்கு தேன் சேர்த்தோம். தேன் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் காய்ந்த வண்ணம் வெடிக்காது. பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு துளி கிராம்புத் தைலம்.

அடுத்து மண். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் கொய்யாத் தோப்புகள் நிற்கும் செம்மண்ணே எங்களுக்கு முதல் நிறம். ஒரு வாளி நீரில் மண்ணைக் கரைத்துச் சற்று நேரம் விட்டால் மணலும் பரலும் அடியில் தங்கும். மேலே நிற்கும் செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். இவ்வாறு மூன்று முறை மாற்றி, கடைசிப் பாத்திரத்தை அசைக்காமல் ஒரு நாள் வைத்தோம். அடியில் தயிர்போல் படிந்த வண்டலை உலர்த்தியபோது, விரலில் பட்டும் படாமலும் ஒட்டும் மென்தூள் கிடைத்தது. ஒரு வாளி மண்ணில் தேறியது ஒரு கைப்பிடி.

பிறகு அரைத்தல். தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் தூளைக் குவித்து, நடுவில் குழி செய்து, ஏறக்குறைய அதே அளவு பிசின் நீரை ஊற்றி, அடி தட்டையான கண்ணாடிக் குவளையால் வட்டமாக அரைத்தோம். தொடக்கத்தில் நறநறவென்று ஓசை எழும். ஓசை அடங்கும்வரை அரைக்க வேண்டும். அடங்க எங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு அரைத்தார்கள். அரைத்த விழுதைச் சிப்பிகளில் ஊற்றி நிழலில் உலர்த்தினோம். பழைய ஓவியர்களுக்கும் சிப்பியே வண்ணக் கிண்ணம்.

அதே விழுதோடு வெள்ளைச் சாக்குத் தூளைச் சேர்த்து அரைத்தபோது குவாஷ் கிடைத்தது. செம்மண்ணின் நிறம் வெளிறிச் சுட்ட செங்கல் போலானது. தாளை முழுமையாக மூடியது. ஆனால் சுண்ணாம்பு கலந்த தூளை மஞ்சளோடு சேர்க்காதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது எல்லா வீடுகளும் அறிந்ததே. மஞ்சள் வண்ணம் வெயிலிலும் மங்கிவிடும்; எங்கள் பிள்ளைகள் வரைந்த மஞ்சள் பூக்கள் சன்னலோரத்தில் சில வாரங்களிலேயே வெளுத்தன. செம்மண் வெளுக்கவில்லை. அவுரி நீலத் தூளும் பிசினுக்கு நன்கு இசைந்தது.

கடினமானது கரிதான். ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் மண்சட்டியைக் கவிழ்த்து இரவு முழுவதும் வைத்தால், ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. அந்தக் கரி நீரில் ஒட்டாமல் மிதந்து திரியும். பிசின் நீரைத் துளித்துளியாக விட்டுப் பொறுமையோடு அரைத்த பிறகே வசப்பட்டது. ஒரு முழு கிதாபை எழுத எத்தனை இரவுகளின் விளக்கு எரிந்திருக்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

எங்களுக்கு நேர்ந்த தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். பிசின் மிகுந்த வண்ணம் வெடித்துப் பெயர்ந்தது. பிசின் குறைந்தது தாளில் தூளாய் உதிர்ந்தது. தேன் மிகுந்த சிப்பியை எறும்புகள் கொண்டுபோயின.

ஓர் எச்சரிக்கை. சாதிலிங்கம், அரிதாரம், மனோசிலை, ஈயச் செந்தூரம், துருசு ஆகியவை பழைய நூல்களில் வண்ணங்களாக வந்தாலும் நச்சுப் பொருள்கள். இவற்றை வீட்டில் தொடவே கூடாது. மண்ணும் கரியும்கூடத் தூளாக இருக்கும்போது மூச்சில் செல்லாதபடி வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். சமையல் அம்மியில் அரைக்க வேண்டாம்.

மார்க்கத்தின் பார்வையில்

பிள்ளைகளை வரைய விடலாமா என்று தயங்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளும்படி அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. மலையும் மரமும் கொடியும் பூவும் அழகிய எழுத்தும் ஒரு வாழ்நாளுக்குப் போதுமான பாடங்கள்.

கடை வண்ணங்களில் எது கலந்திருக்கிறது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. நீர்வண்ணம் சீராகப் பரவ மாட்டுப் பித்தநீர் சேர்ப்பதுண்டு. சில தாள்களுக்கு விலங்குப் பசை பூசப்படுகிறது. சில கறுப்புகள் எலும்பைச் சுட்டுச் செய்யப்படுகின்றன. முரட்டுத் தூரிகைகளில் பன்றி மயிர் உண்டு. குர்ஆன் வசனங்களை எழுதி அலங்கரிக்க விரும்புவோர் இவற்றை விசாரித்து, தத்தம் ஊர் ஆலிம்களிடம் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நலம். வீட்டில் அரைத்த செம்மண் வண்ணத்தில் மண், பிசின், தேன், கிராம்புத் தைலம், நீர் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்னும் நிம்மதி எங்களுக்குக் கிடைத்தது.

ஃபாத்திர் அத்தியாயத்தில் மலைகளின் வெள்ளை, சிவப்பு, கருமை நிறங்களை அல்லாஹ் சுட்டிக்காட்டுகிறான். அடுத்த வசனத்திலேயே அவனை அஞ்சும் அறிவுடையோர் பற்றிய பேச்சு வருகிறது. மூன்று சிப்பிகளில் செம்மண்ணும் சாக்கும் கரியும் உலர்ந்துகொண்டிருந்த மாலையில், பிள்ளைகளுக்கு அந்த வசனங்களை ஓதிக் காட்டினோம்.

மழைக்கு முன்

இறுதியாக, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பாட்டனார் எழுதிய கிதாபோ, மாலையோ, கணக்கேடோ, ஒப்பந்தமோ இருக்கலாம். அது கரிமையா, கடுக்காய் மையா, அச்சு மையா என்று நீர் தொட்டுச் சோதிக்காதீர்கள். கையெழுத்து ஏடு எதுவாயினும், நீரில் கரையும் என்றே எண்ணிக் கையாளுங்கள். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டுமே தட்டுங்கள். நனைந்துவிட்டால் துடைக்காமல், வெயில் படாத காற்றில் உலரவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சூடேற்றி ஒட்டும் முறை வேண்டாம். பிறகு அதைப் பிரிக்க இயலாது. சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயர்ந்த, ஒழுகாத இடத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். 1869 முதல் இயங்கும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அரபு, பார்சிச் சுவடிகளையும் பேணி வருகிறது. வீட்டில் காக்க இயலாதவர்கள் இத்தகைய நூலகங்களை அணுகலாம்.

எங்கள் கிதாபில் அந்த இரண்டு வரிகள் இருந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. அதே பாடலின் வேறு பிரதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் அரைத்த கரிமை கையில் இருந்தும், என்ன எழுதுவதென்று தெரியாததால் அங்கே எழுதவில்லை. கறுத்த அந்தப் பஞ்சை மட்டும் ஒரு தாளில் மடித்துக் கிதாபோடு வைத்திருக்கிறோம்.

நம் முன்னோர் விளக்கெரித்துச் சேர்த்த கல்வியை நம் பிள்ளைகளின் கையில் முழுமையாகச் சேர்க்கும் பேற்றை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.